உருட்டு மெசினுக்குள் வெள்ளைச் சேறு: கோளாறு கல்லில்தான்

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கற்களைச் சுழற்றித் தேய்த்து மெருகேற்றுகிற, 3 பவுண்டு அளவுள்ள கல் உருட்டும் மெசின் ஒன்று வாங்கினேன். வன்னியில் இருந்து கொண்டுவந்த குவாட்ஸ் கற்களோடு காரைநகர் கடற்கரையில் பொறுக்கிய வெள்ளை, மஞ்சள் கற்களையும் போட்டேன். முதல் கட்டத்துக் கரடான தேய்ப்புப் பொடி, கிணற்றுத் தண்ணீர், கறை போகட்டும் என்று 2 மேசைக்கரண்டி வினாகிரி. அடுத்த நாள் மூடி உப்பியிருந்தது, திறந்தால் புஸ் என்று காற்றும் நுரையும். நாலாம் நாள் உள்ளே தடித்த வெள்ளைச் சேறு, குவாட்ஸ் போட்டபடியே கிடக்கிறது. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பா, மெசின் பழுதா?"

மெசினும் பழுதில்லை, கிணற்றையும் திட்ட வேண்டாம். கேத்தலில் வெள்ளை படிகிற தண்ணீர்தான், ஆனால் பீப்பாவுக்குள் (கற்கள் சுழலும் மூடிபோட்ட பாத்திரம்) நீங்கள் விடுகிற அளவில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு ஒரு சிட்டிகைகூட வராது. அந்தச் சேறு முழுவதும் உங்கள் கடற்கரைக் கற்கள்தான். குடாநாட்டின் அடித்தளமே மயோசீன் காலத்துச் சுண்ணக்கல், காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை வைத்ததும் அதை நம்பித்தான். எங்கள் கரைகளில் பொறுக்குகிற வெள்ளை, மஞ்சள் கற்களில் பெரும்பாலானவை சுண்ணக்கல் அல்லது முருகைக்கல். அவற்றில் இருக்கிற கல்சைற் என்ற கனிமத்தின் கடினம் மோஸ் அளவில் (கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் அளவு) 3, குவாட்ஸ் 7, நீங்கள் போட்ட சிலிக்கன் காபைட் பொடி 9க்கு மேல். மூன்றையும் ஒரே பீப்பாவில் உருட்டினால் எது முதலில் மாவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, சுண்ணக்கல் கரைந்தால் கரையட்டும், குவாட்ஸ் ஏன் தேயவில்லை? கற்கள் மேலே ஏறி, ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விழும்போது இடையில் அகப்படுகிற பொடிதான் அராவுகிறது. சேறு ஒடியல் கூழ் மாதிரித் தடித்துவிட்டால் கற்கள் சரிவதில்லை, மொத்தமாக ஒட்டிக்கொண்டு சுற்றும், பொடியும் சேற்றுக்குள் மிதந்துகொண்டே இருக்கும். காதாலேயே கண்டுபிடிக்கலாம்: நன்றாக ஓடும் பீப்பாவில் சலசலவென்று ஒரே சீரான சத்தம், சேறு தடித்ததில் மந்தமாக ஒரு தொப் தொப், அல்லது சத்தமே இல்லை. நடுவில் கரண்ட் போய்ப் பீப்பா சில மணித்தியாலம் நின்றால் இன்னும் மோசம், சுண்ணாம்புச் சேறு அடியில் இறுகிவிடும். கரண்ட் வந்ததும் மெசின் தானாகத் தொடங்கும் என்று விட்டுவிடாமல் ஒருமுறை திறந்து கலக்கிப் பாருங்கள்.

காற்று வந்தது வினாகிரியால். சுண்ணக்கல்லில் அமிலம் பட்டால் காபனீரொட்சைட்டு வரும், அது பள்ளிக்கூடத்துச் சோதனை. கடையில் விற்கிற 5 சதவீத வினாகிரி 2 மேசைக்கரண்டி என்றால் கிட்டத்தட்ட 300 மில்லிலீட்டர் வரை வாயு வரக்கூடும், அந்தச் சின்னப் பீப்பாவில் மிஞ்சியிருக்கிற வெற்றிடமும் ஏறக்குறைய அவ்வளவுதான். மூடி உப்பாமல் என்ன செய்யும்? வாயுவை அடக்க அப்பச்சோடா போடச் சொல்லிப் பலர் சொல்வார்கள், அமிலம் இல்லாத சேற்றுக்கு அது சரி, வினாகிரி இருக்கும்போது போட்டால் அதுவே பொங்கி இன்னும் வாயு தரும். கடற்கரைக் கற்களின் துளைகளில் பாசி, சிப்பிப் பூச்சி ஏதாவது இருந்து அழுகினாலும் வாயு வரும், ஆனால் அப்போது நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். எதுவானாலும் முதல் சில நாள் தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றை விடுங்கள், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ வேண்டாம், ஏனென்றால் உலோகத் துகள் கலந்த சேற்றில் ஐதரசனும் வரலாம்.

இப்போது செய்ய வேண்டியது. எல்லாவற்றையும் ஒரு வாளியில் கொட்டிக் கற்களைக் கழுவி எடுங்கள். வாளித் தண்ணீரை நன்றாகக் கலக்கி, சில விநாடி விட்டு, பால்போல் இருக்கிற மேல்தண்ணீரை வேறு வாளிக்கு ஊற்றுங்கள். இப்படி நாலைந்து தரம் செய்தால் சுண்ணாம்பு போய், அடியில் கறுப்பாகச் சரசரவென்று ஒரு படிவு மிஞ்சும், அது இன்னும் தேயாத உங்கள் பொடி. விரலில் நெருடினால் உயிர் இருக்கிறது, முதல் கட்டத்துக்கே திரும்பப் போடலாம் (அடுத்த கட்டங்களுக்கு ஒரு துகள்கூடப் போகக்கூடாது, கீறிவிடும்). பொடி குறைந்திருந்தால் மொத்தம் 4 முதல் 6 மேசைக்கரண்டி வரும்படி சேருங்கள்.

பிறகு கற்களைப் பிரியுங்கள். கத்தி முனையால் கீறிப் பாருங்கள், எளிதாகக் கீறுப்பட்டால் பெரும்பாலும் சுண்ணக்கல். சந்தேகமென்றால் கீறிய தூளில் தேசிக்காய்ச் சாறோ அந்த வினாகிரியோ ஒரு சொட்டு, நுரைத்தால் முடிந்தது. கண்ணாடிப் போத்தலைக் கீறுகிற கல் குவாட்ஸ் பக்கம். குவாட்ஸை மட்டும் போட்டுப் பீப்பாவில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்ப வேண்டும், தண்ணீர் மேல் கற்களுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். ஒரு கிழமை ஓடிய பிறகு சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தடித்த சேறு இருந்தால் அதுதான் சரியான சேறு. சேறு செங்கபிலமானால் கல்லில் உள்ள இரும்பு, பயமில்லை. கறுப்பில் றப்பர் துணுக்கு தெரிந்தால் பீப்பாவின் உள்பக்கத்தைப் பாருங்கள்.

சுண்ணக்கல்லையும் உருட்ட ஆசையென்றால் தனியாக, முதல் கட்டத்தை விட்டுவிட்டு, அதைவிட நைசான 120/220 என்ற எண்ணுள்ள பொடியில் தொடங்கி, சின்னப் பிளாஸ்டிக் குறுணிகள் சேர்த்து, ஓரிரு நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். வழுவழுப்பு வரும், குவாட்ஸின் கண்ணாடிப் பளபளப்பை எதிர்பார்க்காதீர்கள். என்னைக் கேட்டால் முருகைக்கல்லை உருட்டுவதே வீண் வேலை, அதன் துளை அழகு முழுக்கப் போய்விடும்.

சேற்றுத் தண்ணீரை குசினித் தொட்டியில் ஊற்ற வேண்டாம், குழாயில் இறுகினால் குழாயை வெட்டத்தான் வேண்டும். கிணற்றடியிலும் வேண்டாம். வளவு மூலையில் ஒரு குழிக்குள் ஊற்றி, ஈரமாக இருக்கும்போதே மண் போட்டு மூடுங்கள். காயவிட்டுக் கூட்டினால் அந்தக் குவாட்ஸ் தூசு நெஞ்சுக்குள் போகும்.