குரல்கள் ஓய்ந்த பிறகும் முடங்கியிருக்கும் மகன்: கைப்பேசிப் பயிற்சி கைகொடுக்குமா?

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது என்றும், எல்லோரும் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்றும் சொல்லத் தொடங்கினான். மனநல மருத்துவர் இதைச் சைக்கோசிஸ் என்றார். பத்து மாதமாக மாத்திரை சாப்பிடுகிறான், குரல்கள் நின்றுவிட்டன. ஆனால் ஒரு பக்கம் படித்தாலும் மனதில் நிற்பதில்லை. மூன்று பொருள் வாங்கிவரச் சொன்னால் ஒன்றோடு திரும்புகிறான். குளிக்கக்கூடப் பத்து முறை சொல்லவேண்டியிருக்கிறது. அவன் அப்பா, சோம்பேறியாகிவிட்டான் என்று கோபப்படுகிறார். கைப்பேசியில் மூளைக்குப் பயிற்சி தரும் செயலி ஒன்றுக்குப் பணம் கட்டலாம் என்று மகள் சொல்கிறாள். அதனால் பயன் உண்டா? ஏற்கெனவே எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறானே என்ற அச்சமும் இருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அம்மா, செயலியைப் பற்றிப் பேசுவதற்கு முன், உங்கள் கணவரிடம் நீங்கள் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. உங்கள் மகனிடம் இருப்பது சோம்பல் அல்ல. அது நோயின் இன்னொரு பகுதி. சைக்கோசிஸில் குரல் கேட்பதும் வீண் சந்தேகமும் வெளியே தெரிபவை. கவனம், நினைவாற்றல், சிந்தனையின் வேகம் ஆகியவை குறைவதும், எதையும் தொடங்குவதற்கான முனைப்பு வற்றிப்போவதும் வெளியே தெரியாமல் உடன் வருபவை. இன்று நம்மிடம் உள்ள மருந்துகள் முதல் வகை அறிகுறிகளை நன்றாகவே அடக்குகின்றன. இரண்டாம் வகையில் அவற்றின் பலன் மிகக் குறைவு. படிப்புக்கும் வேலைக்கும் திரும்ப முடியாமல் இளைஞர்களைத் தடுத்துவைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான் என்பதால், உங்கள் கேள்வியை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

முனைப்புக் குறைவு எப்படி உண்டாகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அதைப் புரிந்துகொண்டால் வீட்டில் பாதிச் சண்டை நின்றுவிடும். இந்நோய் உள்ளவர்கள் பலருக்கு, ஒரு செயலில் இருக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி பெரிதாகக் குறைவதில்லை. பிடித்த உணவைச் சாப்பிடும்போது ரசித்துச் சாப்பிடுகிறார்கள், நண்பன் வந்து அழைத்துப்போனால் சிரித்துப் பேசுகிறார்கள். ஆனால் ‘அங்கே போனால் நன்றாக இருக்கும்’ என்று முன்கூட்டியே உணரும் திறன் மங்கிவிடுகிறது. கிளம்புவதற்கான காரணமே மனதில் எழாதபோது, கால் எப்படிக் கிளம்பும்? இதோடு மறதியும் சேர்கிறது. கடையில் இரண்டு பொருளை மறந்துவிட்டு வந்து திட்டு வாங்குபவர், அடுத்த முறை போகவே தயங்குவார். சில மாதங்களில் ‘என்னால் எதுவும் முடியாது, முயல்வதே வீண்’ என்ற எண்ணம் உறைந்துவிடும். இப்படி மறதியும் முனைப்பின்மையும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போகின்றன.

இக்காரணத்தால்தான், இரண்டில் ஒன்றுக்கு மட்டும் பயிற்சி அளிப்பது போதாது என்ற எண்ணம் ஆய்வாளர்களிடையே வலுத்துவருகிறது. சிந்தனைத் திறனுக்கான பயிற்சி, பல வாரங்கள் விடாமல் செய்யவேண்டிய சலிப்பூட்டும் வேலை; முனைப்பு குறைந்தவர் அதை நான்காம் நாளே நிறுத்திவிடுவார். அமெரிக்காவில், நோய் தொடங்கி நெடுங்காலம் ஆகாத 86 இளைஞர்களிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு பிரிவினருக்கு மடிக்கணினியில் ஒலிகளைக் கூர்ந்து கேட்டுப் பிரித்தறியும் பயிற்சியும், மற்றப் பிரிவினருக்கு அதே அளவு நேரம் சாதாரணக் கணினி விளையாட்டும் தரப்பட்டன. ஏறத்தாழ 40 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு, முதல் பிரிவினருக்குக் கேட்டதை நினைவில் வைப்பதிலும் சிக்கலுக்குத் தீர்வு காண்பதிலும் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. நாற்பது மணி நேரம் என்பதை மனதில் கொள்ளுங்கள். தினமும் ஐந்து நிமிடம் விளையாடிக் கிடைக்கும் பலன் அல்ல இது.

முனைப்பின் பக்கம், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவ வளாகத்தில் ‘பிரைம்’ என்ற கைப்பேசிச் செயலியை உருவாக்கினார்கள். அதில் நோயாளி தானே சிறு சிறு இலக்குகளைத் தேர்ந்தெடுப்பார், முடித்ததைப் பதிவிடுவார், அதே நோயிலிருந்து மீண்டுவரும் மற்ற இளைஞர்களோடு பேசுவார், பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர் குறுஞ்செய்தி வழியே உடன் இருப்பார். 43 பேரிடம் 12 வாரம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முனைப்பின் சில கூறுகள் மேம்பட்டதோடு, மனச்சோர்வும் நான் மேலே சொன்ன ‘என்னால் முடியாது’ என்ற எண்ணமும் குறைந்தன. சிறிய ஆய்வுதான்; எனினும் அதன் வடிவமைப்பு எனக்கு நம்பிக்கை தருகிறது, ஏனெனில் திரைக்குப் பின்னால் அங்கே ஒரு மனிதர் இருந்தார்.

உங்கள் மகள் பார்த்திருப்பது பெரும்பாலும் இவற்றைப் போன்றதாக இருக்காது. நான் சொன்னவை ஆய்வுத் திட்டங்களுக்குள், மேற்பார்வையோடு தரப்பட்டவை. ஒலிப் பயிற்சியோ ஆங்கில ஒலிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. சந்தையில் ‘மூளைப் பயிற்சி’ என்று விற்கப்படுபவற்றை எச்சரிக்கையோடு அணுகவேண்டும். அத்தகைய புகழ்பெற்ற நிறுவனம் ஒன்று, நினைவாற்றல் இழப்பைத் தடுக்கும், பள்ளியிலும் பணியிடத்திலும் திறனை உயர்த்தும் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்ததற்காக, 2016-இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. விளையாட்டில் புள்ளி ஏறும், அந்த விளையாட்டு மட்டும் நன்றாக வரும். கடைக்குப் போனால் பழைய மறதியே இருக்கும். ஆகவே இப்போதைக்குப் பணம் கட்டவேண்டாம் என்பதே என் கருத்து.

2021-இல், உலகெங்கும் நடந்த 130 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 8,851 பேரையும் ஒருங்கே வைத்து அலசியபோது, இந்நோயாளிகளுக்கு முறையாக அளிக்கப்படும் சிந்தனைத் திறன் பயிற்சிகளால் அத்திறனிலும் அன்றாட வாழ்க்கையிலும் சிறிய, ஆனால் உண்மையான முன்னேற்றம் கிடைப்பது தெரிந்தது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் உடனிருந்து, உத்திகளைக் கற்றுக்கொடுத்து, வேலை அல்லது படிப்புக்கான மறுவாழ்வுத் திட்டத்தோடு இணைத்தபோது பலன் கூடுதலாக இருந்தது. இதை வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கடைக்குப் போகும்முன் வாங்கவேண்டியவற்றை மகன் தானே கைப்பேசியில் எழுதிக்கொள்ளட்டும். ஒவ்வொன்றாக வாங்கியதும் அழிக்கட்டும். குளிக்க நீங்கள் பத்து முறை சொல்வதற்குப் பதிலாக, அவனே தேர்ந்தெடுத்த நேரத்தில் அவனே வைத்த அலாரம் ஒலிக்கட்டும். வாரம் ஒரு முறை உளவியலாளர் ஒருவர் உட்கார்ந்து, எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று அவனோடு பேசினால், அவன் கையில் இருக்கும் சாதாரணக் கைப்பேசியே நல்ல கருவியாகிவிடும். ஒரு செயலை முடித்தவுடன், அது எவ்வளவு பிடித்திருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் குறித்துவைக்கச் சொல்லுங்கள். பத்து நாள் கழித்து அந்தக் குறிப்புகளைத் திரும்பிப் பார்க்கும்போது, போனால் நன்றாகத்தான் இருந்தது என்பதற்கு அவன் கைப்படவே சான்று இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, மருந்துச் சீட்டை ஒரு முறை பாருங்கள். கை நடுக்கத்துக்கும் தசை இறுக்கத்துக்கும் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் என்ற மருந்து நம் ஊரில் மிகப் பரவலாக எழுதப்படுகிறது. சில மாத்திரைகளில் சைக்கோசிஸ் மருந்தோடு கலந்தே வருகிறது. இது நினைவாற்றலை மங்கச்செய்யக்கூடியது. நடுக்கம் இல்லாதவருக்கு இதைப் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. தயவுசெய்து நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வேறு தொல்லைகள் வரும். மருந்தின் அளவு கூடுதலாக இருந்து அதனால் வரும் மந்தம், குரல்கள் ஓய்ந்தபின் வரும் மனச்சோர்வு, கெட்டுப்போன தூக்கம் ஆகியவையும் பார்ப்பதற்கு முனைப்பின்மை போலவே இருக்கும். இவற்றுக்குத் தனித்தனியே சிகிச்சை உண்டு. மூச்சு வாங்கும் அளவுக்கு வேகமாக நடப்பது, மிதிவண்டி ஓட்டுவது போன்ற உடற்பயிற்சி இந்நோயாளிகளின் சிந்தனைத் திறனை மேம்படுத்துகிறது என்பதற்கும் ஆய்வுச் சான்று உள்ளது. தனியாகப் போகச் சொன்னால் போகமாட்டான். அப்பா உடன் நடந்தால் போவான்.

அப்பாவை நான் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு அமைப்பும் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகமும், முதல் முறை சைக்கோசிஸ் வந்தவர்களுக்கு இரு நகரங்களிலும் ஒரே வகையான சிகிச்சை அளித்து இரண்டு ஆண்டு கவனித்தன. முனைப்பின்மை போன்ற அறிகுறிகள் சென்னையில் மாண்ட்ரியாலைவிட நன்றாகக் குறைந்திருந்தன. சிகிச்சையில் குடும்பத்தாரின் பங்கேற்பும் சென்னையில் கூடுதலாக இருந்தது. எந்தச் செயலியும் தரமுடியாத ஒன்று உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. கோபம் அதைக் கெடுத்துவிடக்கூடாது.

கைப்பேசியைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். அதைப் பிடுங்கிவைக்கவேண்டாம்; பல இளைஞர்களுக்கு வெளியுலகோடு மிஞ்சியிருக்கும் ஒரே இழை அதுதான். இரவு பத்து மணிக்குமேல் அது கூடத்தில் இருக்கட்டும், தூக்கம் காப்பாற்றப்படும். எந்தச் செயலியிலும் நோயின் பெயர், மருந்து விவரம் ஆகியவற்றைப் பதிவதற்கு முன் அந்தத் தகவல் யாரிடம் போகிறது என்று மகள் படித்துப் பார்க்கட்டும். கைப்பேசி வழியே தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று அவன் மீண்டும் சொல்லத் தொடங்கினாலோ, இரண்டு மூன்று இரவு தொடர்ந்து தூங்காவிட்டாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு அடுத்த முறை வரை காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச்செல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று பொருள் கதையை அப்படியே சொல்லுங்கள். ‘மறதி’ என்ற ஒற்றைச் சொல்லைவிட அது அவருக்கு அதிகம் புரியவைக்கும். அதோடு, அருகில் உள்ள மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையில் அறிதிறன் பயிற்சி, அதாவது சிந்தனைத் திறனுக்கான பயிற்சி தெரிந்த உளவியலாளர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். அந்த உரையாடலில் மகனும் அமர்ந்திருக்கட்டும். முதல் இலக்கு என்ன என்பதை அவனே சொல்லட்டும்.