அந்த மாடு எதனால் செத்தது?

அன்புள்ள ஐயா,

கால்நடை உதவி மருத்துவராகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. போன வாரம் நான் வைத்தியம் பார்த்த கறவை மாடு செத்துப்போனது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. ‘போகப் போக மரத்துவிடும்’ என்கிறார்கள் மூத்தவர்கள். எப்படி மரத்துப்போவது? தியானம் உதவுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தியானம் பிடித்திருந்தால் செய்யுங்கள். தூக்கமின்மை நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னை உறுத்துவது வேறு. மாடு எதனால் செத்தது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! அறுத்துப் பார்த்தீர்களா?

என் சித்தப்பா தாராபுரம் பக்கம் மாட்டு டாக்டர். பள்ளி விடுமுறைகளில் அவர் வண்டியில் தொற்றிக்கொண்டு போவேன். ஒருமுறை இரண்டாம் ஈத்துப் பசு ஒன்று. காய்ச்சல், தீனி எடுக்கவில்லை, கழுத்தடியில் தொங்கும் தோல்மடிப்பான அலைதாடி வீங்கித் தொங்கியது. எத்தனை ஊசி போட்டும் பிழைக்கவில்லை. சித்தப்பா கிளம்பிவிடவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு தோட்டத்து ஓரமாக மாட்டை அறுத்தார். தேன்கூடு போல அறை அறையாக இருக்கும் இரைப்பையில் விரல் நீளத்துக்கு ஒரு கட்டுக்கம்பி. அதன் முனை உதரவிதானத்தைத் துளைத்து இதயத்தின் உறை வரை போயிருந்தது. உறைக்குள் சீழ், குடலைப் புரட்டும் நாற்றம். மாடு நன்றாக மெல்லாமல் விழுங்குவது, வைக்கோலோடு கம்பியும் ஆணியும் போய்விடும். வீடு கட்டியபோது சிதறிய கம்பி அது. வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, “மருந்து மாறிப்போச்சோன்னு நெனச்சனுங்க” என்றார். சித்தப்பா அழுததை அன்றுதான் பார்த்தேன். அழுதுவிட்டுக் குளித்தார், சாப்பிட்டார், தூங்கினார்.

முதுமலை யானைகளைப் பார்த்துக்கொண்ட டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, காட்டில் செத்த யானை அழுகிக் கிடந்தாலும் அறுத்துக் காரணம் தேடியவர். அவர் மனம் மரத்துப்போனவர் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். மரத்த கை வீக்கத்தைத் தடவிக் கண்டுபிடிக்குமா? மரத்துப்போவது எப்படி என்று கேட்கவா ஐந்து வருடத்துக்கு மேல் படித்தீர்கள்? உங்களைத் தூங்கவிடாதது துக்கம் மட்டுமில்லை, ‘நான்தான் கொன்றேனோ’ என்கிற சந்தேகம். அது தியானத்தில் தீராது, கத்தியை எடுத்தால்தான் தீரும். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயோ என்று பட்டால் மட்டும் கத்தி வைக்கக் கூடாது, அறுத்தால் மனிதருக்கும் தொற்றும், அது உங்களுக்கே தெரியும்.

அப்புறம், அந்த அம்மா வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். தொழுவத்தில், வைக்கோல் போரடியில் கம்பி கிடக்கிறதா பாருங்கள். மாட்டுக்கு விழுங்கக் கொடுக்கும் காந்தம் உங்கள் மருந்தகத்தில் இல்லையென்றால் இன்றே எழுதிக் கேளுங்கள்.