வரி கட்டிய பிறகும் தெருவில் இறங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் தெருவில் வண்டிகள் கண்மண் தெரியாமல் பறக்கின்றன, பாதி விளக்குகள் எரிவதில்லை, முனையில் இருக்கும் காலிமனை குப்பைமேடாகிவிட்டது. மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டோம். இப்போது சிலர் "நாமே கூடி ஏதாவது செய்வோம்" என்கிறார்கள். வரி வாங்குகிறவர்கள் செய்ய வேண்டிய வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும்? சாதாரண ஜனங்கள் நாலு பேர் சேர்ந்து என்னத்தை மாற்றிவிட முடியும்?

பதில்: உங்கள் முதல் கேள்வியில் நியாயமான கோபம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். இரண்டாவது கேள்வியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, அதனால் அதை முதலில் பேசிவிடலாம்.

சைக்கிளில் குழந்தைகள் தனியாகப் பள்ளிக்குப் போகும் நாடு என்று இன்று எல்லோரும் நெதர்லாந்தைக் காட்டுகிறோம். அங்கேயும் 1971-ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர், அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972-ல் எழுதிய கட்டுரையிலிருந்து "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் பிறந்தது. அதில் இருந்தவர்கள் பெற்றோர்கள், அக்கம்பக்கத்தார். விபத்து அடிக்கடி நடக்கும் இடங்களில் போய் நின்றார்கள், தெருவை வண்டிகளுக்கு மூடிவிட்டுப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள், அப்புறம் எந்த மாதிரி தெரு வேண்டும் என்று வரைந்து கொண்டுபோய் அதிகாரிகளிடம் கொடுத்தார்கள். வண்டிகள் ஊர்ந்துதான் போக முடியும், நடப்பவருக்கே முதல் உரிமை என்ற குடியிருப்புத் தெரு அமைப்பு 1976-ல் அந்த நாட்டுச் சட்டத்திலேயே ஏறியது.

நியூயார்க்கில் வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவுக்கு நடுவே பெரிய சாலை போட, அந்த நகரத்தின் சாலைகளையும் பூங்காக்களையும் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி திட்டமிட்டபோது, அவரை எதிர்த்துப் பேசத் துணிந்தவர்கள் குறைவு. எதிர்ப்பைத் தொடங்கியது ஷர்லி ஹேய்ஸ் என்ற நான்கு பிள்ளைகளின் தாய். 1952-ல் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார், நகரங்களைப் பற்றி எழுதிப் பின்னாளில் புகழ்பெற்ற ஜேன் ஜேக்கப்ஸ் உட்பட அக்கம்பக்கத்தில் பலர் பிறகு சேர்ந்துகொண்டார்கள், 1958-ல்தான் பூங்காவுக்குள் அதுவரை ஓடிக்கொண்டிருந்த கார்கள் சோதனை முறையில் நிறுத்தப்பட்டன. ஆறு வருஷம். நீங்கள் மனு கொடுத்து ஓய்ந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள், எத்தனை வருஷமாகக் கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் "சோதனையாகச் செய்து பாருங்கள்" என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? நிரந்தரமாகச் சாலையை மூடு என்றால் எந்த அதிகாரியும் பயப்படுவார். ஒரு மாதம் மூடிப் பார்க்கலாம், சரிவரவில்லை என்றால் திறந்துவிடலாம் என்றால் அவருக்கும் கையெழுத்துப் போடத் துணிச்சல் வரும். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் சாலைகளைக் கார்களுக்கு மூடி நடக்கவும் ஓடவும் சைக்கிள் விடவும் திறந்துவிடுகிறார்களே, அதுவும் 1974 டிசம்பரில் குடிமக்கள் சிலர் ஒரே ஒரு நாளுக்கென்று செய்து காட்டியதில் தொடங்கியதுதான்.

சரி, இப்போது வரிக்கு வருவோம். அரசு செய்ய வேண்டியதை அரசுதான் செய்ய வேண்டும், இதில் நான் உங்கள் பக்கம். தெருவாசிகள் கூடித் தார் ஊற்றுவதும், சாக்கடையில் இறங்குவதும், அதைப் படம் எடுத்துப் போட்டவுடன் நகராட்சி நிம்மதியாகக் கையைக் கழுவிக்கொள்வதும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். சாலை போட நகராட்சிக்குத் தெரியும். எந்த முனையில் மாலை ஐந்து மணிக்கு ஒரு பாட்டி பத்து நிமிஷம் கடக்க முடியாமல் நிற்கிறார் என்பது அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். எந்த விளக்குக் கம்பத்துக்குக் கீழே மரக்கிளை மறைத்து இருட்டாக இருக்கிறது என்பது இரவில் அந்த வழியே வீடு திரும்பும் பெண்ணுக்குத் தெரியும், பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகும் பொறியாளருக்குத் தெரியாது. அந்த விவரம் உங்கள் தலைக்குள்ளேயே இருக்கும்வரை யாருக்கும் பிரயோஜனமில்லை. அதை எழுத்தாக்கி, எண்ணாக்கி, தட்டிக்கழிக்க முடியாதபடி மேஜைமேல் வைப்பதுதான் குடியிருப்பவர்களின் வேலை. வரி கட்டியதால் இந்த வேலை தீராது, இதைச் செய்ய வேறு ஆளும் கிடையாது.

கராச்சியில் ஓரங்கி என்ற பெரிய குடிசைப்பகுதியில் 1980-ல் அக்தர் ஹமீது கான் தொடங்கிய திட்டம் இந்தப் பங்கு பிரிப்பைத் தெளிவாகச் செய்தது. கழிப்பறையும் சந்துக்குள் ஓடும் கழிவுநீர்க் குழாயும் மக்கள் பொறுப்பு, அவை போய்ச் சேரும் பெரிய வடிகாலும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. ஒரு சந்தில் இருப்பவர்கள் தாங்களே பணம் போட்டு, தாங்களே மேற்பார்வை பார்த்து, குழாய் பதித்தார்கள். ஒப்பந்ததாரரின் லாபம் கழிந்து, வடிவமைப்பும் எளிமையானதில் செலவு பல மடங்கு இறங்கியது. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அதற்கு அடுத்து நடந்தது: அந்தத் திட்டத்தில் வேலை செய்த கட்டடக் கலைஞர் பர்வீன் ரஹ்மான் தலைமையில் அந்த ஊர் இளைஞர்கள் தெருத்தெருவாகப் போய் எந்த வடிகால் எங்கே ஓடுகிறது என்று வரைபடம் போட்டார்கள். "இங்கே ஒன்றுமே இல்லை, முதலிலிருந்துதான் கட்ட வேண்டும்" என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி அந்த வரைபடம் இருந்தது. 2013-ல் பர்வீனைச் சுட்டுக் கொன்றார்கள். இந்த வேலையைச் சும்மா பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

உங்கள் தெருவுக்கு வருகிறேன். "வண்டிகள் பறக்கின்றன" என்று மனுவில் எழுதினால் அது ஒரு புகார், அவ்வளவுதான். சாலையோரம் 50 மீட்டர் அளந்து இரண்டு இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கைபேசியில் நேரம் பாருங்கள். அந்த 50 மீட்டரை ஆறு விநாடியில் கடந்தால் வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, 3.6 விநாடியில் கடந்தால் 50. பள்ளி விடும் நேரத்தில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம், ஒரு வாரம் இப்படிக் குறித்தாலே உங்கள் மனுவின் எடை மாறிவிடும். 30-க்கும் 50-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பார்கள், அதற்கும் பதில் வைத்திருங்கள். 50-ல் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 14 மீட்டர் போய்விடும், ஓட்டுபவர் ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்கவே ஏறத்தாழ அந்த ஒரு விநாடி ஆகும். 30-ல் வரும் வண்டி, நல்ல காய்ந்த சாலையில், அதே 14 மீட்டருக்குள் முழுசாக நின்றே விடும். குறுக்கே ஒரு பிள்ளை ஓடினால் இந்த வித்தியாசம்தான் உயிர். ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரம் 1992-லேயே முக்கியச் சாலைகள் தவிர ஊர் முழுக்க 30 என்று வைத்துவிட்டது.

தயவுசெய்து நீங்களாக இரவோடு இரவாக சிமென்ட் கொட்டி வேகத்தடை போடாதீர்கள். அளவில்லாத, பெயின்ட் அடிக்காத மேடு இரு சக்கர வண்டியில் வருபவரைத் தூக்கி எறியும், ஆம்புலன்ஸில் இருப்பவரைக் குலுக்கும். கோபத்தில் செய்வது என்றாலும் அடிபடுவது அப்பாவிதான்.

விளக்குக்கு இன்னொரு வழி. டொரண்டோவில் மெட்ராக் என்ற பெண்கள் அமைப்பு 1989-ல் உருவாக்கிய பாதுகாப்பு நடை பிறகு பல நாடுகளுக்குப் போனது. இருட்டிய பிறகு தெருவைப் பயன்படுத்தும் பெண்கள் சேர்ந்து நடந்து, எங்கே பயம் வருகிறது, எங்கே கூப்பிட்டால் கேட்க ஆளில்லை, எங்கே தப்பிக்க வழியில்லை என்று ஒவ்வொரு இடமாகக் குறிப்பார்கள். உங்கள் குழுவில் பெண்கள் எத்தனை பேர்? வயதானவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள்? வீட்டு உரிமையாளர்கள் மட்டும் கூடி முடிவெடுக்கும் குழுக்கள் கடைசியில் தெருவுக்கு இரும்புக் கதவும் கேமராவும் போட்டுவிட்டு, தெருவில் நடக்கும் தெரியாத முகத்தையெல்லாம் விசாரிக்கக் கிளம்பிவிடுகின்றன. அது தெருவைப் பாதுகாப்பதாக நான் நினைக்கவில்லை. சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்து 1997-ல் வந்த ராபர்ட் சாம்ப்சன் குழுவின் ஆய்வு, அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நம்பி, பொதுக் காரியத்துக்கு முன்வரும் இடங்களில் வன்முறை குறைவு என்றுதான் கண்டது. முகம் தெரிந்தவர்கள் தெருவில் நடமாடுவதும் பேச்சுக் கொடுப்பதும் கேமராவால் செய்ய முடியாத காரியம்.

காலிமனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிலடெல்பியாவில் 541 காலிமனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் குப்பை அள்ளி, புல் போட்டு, சில மரங்கள் நட்டு, தாழ்வாக ஒரு மரவேலி அமைத்துப் பார்த்தார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, மனைகள் சீர்செய்யப்பட்ட ஏழ்மையான பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. புல்லும் வேலியும்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அந்த மனை யாருடையது என்று உங்கள் கேள்வியில் இல்லை. முதல் வேலையாக அதைக் கண்டுபிடியுங்கள். தனியார் மனை என்றால் உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பும்படி நகராட்சியை எழுத்தில் கேளுங்கள், எந்தத் தேதிக்குள் என்பதையும் சேர்த்து. நகராட்சியுடையது என்றால் அவர்கள் குப்பையை அள்ளித் தரட்டும், தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை உங்கள் தெருவுக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். கையெழுத்தில்லாமல் ஒரு செடிகூட வைக்காதீர்கள், நாளைக்கு ஆள் மாறினால் பிடுங்கி எறிந்துவிடுவார்கள்.