சீனக்குடாக் கறளும் கூர்ஸ்க் தாங்கியும்

அன்புள்ள ஐயா,

நான் செய்த, இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் பாந்தர் தாங்கியின் சிறு மாதிரியைப் படத்தில் பார்த்து இரண்டு குறை சொன்னீர்கள்: சிம்மெரிட் பூச்சு தவறு, கறள் அதிகம். திருகோணமலையில் அந்தப் பூச்சைக் கண்டுபிடிக்க யார் இருக்கிறார்கள்? கறளையோ சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்துப் பார்த்தே தீட்டினேன். கண்ணால் கண்டது எப்படிப் பிழையாகும்?

வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

சீனக்குடாவில் நீங்கள் கண்ட கறள் உண்மையானதுதான். ஆனால் அது யாருடைய கறள்? அந்த எண்ணெய்த் தாங்கிகள் உலகப் போருக்கு முன்பே எழுந்தவை. பல பத்தாண்டுகள் கடற்காற்றைக் குடித்தவை. பாந்தர் உற்பத்தியே 1943 ஜனவரியில்தான் தொடங்கியது. ஜூலையில் ரஷ்யாவின் கூர்ஸ்க் போர்க்களத்தில் நின்ற வண்டிக்கு அதிகம் போனால் ஆறு மாத வயது. இரண்டையும் நம் தமிழ் ‘தாங்கி’ என்கிறது என்பதற்காகக் கறளும் ஒன்றாகிவிடுமா?

கறள் வரவேண்டிய இடங்கள் உண்டு. பின்புறம் நிமிர்ந்து நிற்கும் இரண்டு புகைபோக்கிகளில் சூடு வண்ணத்தைத் தின்றுவிடும். சங்கிலிப் பட்டைகள் வண்ணம் பூசாத உருக்கு. ஓர் இரவு மழை போதும், பழுப்பாகிவிடும், மறுநாள் ஓடினால் மண் தேய்த்த இடங்கள் மின்னும். நீங்கள் இந்த இரண்டையும் கறுப்பாக விட்டுவிட்டு, சுழல்கோபுரத்தில் கறளைக் கொட்டியிருக்கிறீர்கள்.

பூச்சுக்கு வருகிறேன். காந்தக் கண்ணிவெடி ஒட்டாதிருக்கத் தடவிய வரிவரியான பசை அது. தொழிற்சாலைகளில் அதைப் பூசத் தொடங்கியது 1943 ஆகஸ்ட், செப்டெம்பர் வாக்கில். உங்கள் மாதிரியின் பெயரட்டையிலோ ‘கூர்ஸ்க், ஜூலை 1943’. யார் கண்டுபிடிப்பார் என்றால், அட்டையை எழுதிய நீங்களே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

எல்லாப் பிழைக்கும் நான் இப்படிச் சீறுவதில்லை. பாந்தரின் பக்கவாட்டுத் தொங்குதகடு 5 மில்லிமீட்டர். கீழ்ப்பக்கக் கவசம் 40. சோவியத் தாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளிடமிருந்து அந்த 40-ஐக் காக்கவே தகட்டைத் தொங்கவிட்டார்கள். நிஜத்தில் 35-இல் ஒரு பங்கான 1/35 அளவு மாதிரியில் தகடு 0.14 மில்லிமீட்டர்தான் இருக்கவேண்டும். பிளாஸ்டிக்கில் அது ஒரு மில்லிமீட்டராக வந்தால், நிஜத்தில் 35 மில்லிமீட்டர்! அதைப் பிளாஸ்டிக்கின் தலைவிதி என்று விட்டுவிடுவேன். அந்த 1/35-உம் வேதத்தில் எழுதியதல்ல. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய மாதிரித் தயாரிப்பாளரான தமியா நிறுவனம் தன் பாந்தரை மோட்டரும் பற்றரியும் உள்ளே அடங்கும்படி செய்தது. அளந்து பார்த்தபோது அந்த விகிதம் வந்தது.

நானும் யோக்கியன் அல்லன். பாந்தர் வகைகளில் முதலில் வந்தது ‘டி’, பிறகு ‘ஏ’, அதற்கும் பிறகு ‘ஜி’. அகரவரிசையை நம்பி, என் முதல் கூர்ஸ்க் பாந்தருக்கு ‘ஏ’ வகையின் வார்ப்புக் காவற்கூண்டை (சுழல்கோபுரத்தின் மேல் தளபதி வெளியே பார்க்கும் கூண்டு) ஒட்டிவிட்டு மூன்று வருடம் அலுமாரியில் வைத்துப் பெருமைப்பட்டேன்.

உங்களுடையது ‘டி’. செப்டெம்பரில் வந்த கடைசி ‘டி’ வண்டிகளில் சிம்மெரிட் உண்டு. ஆகவே பூச்சைச் சுரண்டவேண்டாம். அட்டையில் ‘1943 இலையுதிர்காலம்’ என்று மாற்றுங்கள். சுழல்கோபுரத்தின் புகைக்குண்டுக் குழாய்களைப் பொருத்துவதை ஜூனிலேயே நிறுத்திவிட்டார்கள், அவற்றைக் கழற்றிவிடுங்கள். எறிந்துவிடாதீர்கள், எனக்கு ஒரு சோடி வேண்டும்.