மழைச்சட்டைக்குள் ஏன் நனைகிறோம்?

வாசகர் கேள்வி – பதில்

பையைத் தோளில் மாட்டி நடப்பவர்களுக்கான எடை குறைந்த மழை, காற்று உடுப்புகள் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: 4,500 ரூபாய்க்கு ஒரு மழை ஜாக்கெட் வாங்கினேன். அட்டையில் ‘வாட்டர்புரூஃப், பிரீத்தபிள், 10,000/10,000’ என்று போட்டிருந்தது. ஐப்பசி மழையில் அதைப் போட்டுக்கொண்டு சிறுமலை ஏறினேன். ஒரு மணி நேரத்தில் உள்ளே பனியனைப் பிழியலாம் போல் ஆகிவிட்டது. என்னை ஏமாற்றிவிட்டார்களா? (காரைக்குடி)

பதில்: ஜாக்கெட் ஒழுகியதா, உங்கள் வியர்வையா என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். ஒழுகினால் தோள், கழுத்து, ஜிப், தையல் என்று குறிப்பிட்ட இடங்களில்தான் ஈரம் தொடங்கும். முதுகும் முழங்கைக்கு உட்புறமும் ஒரே சீராக நனைந்திருந்தால் அது வியர்வை. சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு. ஜாக்கெட்டின் கையை உள்வெளியாகத் திருப்பி, மணிக்கட்டுப் பக்கத்தை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, அந்தப் பைக்குள் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் தொங்கவிடுங்கள். துணியின் வெளிமுகத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது. தையலோரம் சொட்டினால், தையல் ஓட்டைகளை அடைக்க உள்பக்கம் ஒட்டியிருக்கும் டேப் போய்விட்டது என்று அர்த்தம். சொட்டாவிட்டால் நனைத்தது நீங்கள்தான்.

அந்த எண்களைப் பார்ப்போம். முதல் 10,000 என்பது தண்ணீர்த் தூணின் உயரம், மில்லிமீட்டரில். அதாவது 10 மீட்டர் உயரத் தண்ணீர் அழுத்தினாலும் துணி கசியாது. பை வார் அழுத்தும் தோளுக்கு இந்த அளவு வேண்டும், அதில் குறையில்லை. இரண்டாவது 10,000, ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் வெளியே விடும் ஆவியின் எடை, கிராமில். மணிக்கு வகுத்தால் 417 கிராம்தான். ஜாக்கெட்டின் பரப்பு சுமார் ஒன்றரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதுகைப் பை அடைத்துக்கொள்கிறது. பாக்கெட்டும் இரட்டைத் துணியும் கொஞ்சம் தின்றுவிடும். மீதியில் 400, 500 கிராம் போகலாம், அதுவும் சோதனைக்கூடத்தில். பையோடு மேடு ஏறுகிறவருக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வியர்க்கும். கணக்கு அங்கேயே இடிக்கிறது.

நம் ஊர்ப் பருவநிலை அதை இன்னும் கெடுக்கிறது. ஆவி தானாக வெளியே போவதில்லை. உள்ளே அழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். 35 டிகிரியில் இருக்கும் ஈரத் தோலோரம் ஆவி அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். வெளியே 10 டிகிரி மழை என்றால் அங்கே 1.2தான், வித்தியாசம் 4.4. அதே மழை 26 டிகிரியில் பெய்தால் வெளியே 3.4, வித்தியாசம் 2.2. தள்ளுகிற விசை சரிபாதி. குளிர் நாட்டுக்காரர் மெச்சும் ஜாக்கெட் இங்கே புழுங்குவதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவதாக, துணியின் வெளிமுகத்தில் தண்ணீரை உருட்டிவிடும் ஒரு பூச்சு இருக்கிறது. அது தேய்ந்தால் மேல்துணி தண்ணீர் குடித்துக் கனக்கும். உள்ளிருக்கும் மெம்பிரேன், அதாவது தண்ணீரைத் தடுத்து ஆவியை விடும் மெல்லிய படலம், கசியாது. ஆனால் மேலே தண்ணீர்ப் படலம் நின்றால் ஆவி அதைத் தாண்டிப் போகாது. குளிர்ந்த துணியின் உள்பக்கம் ஆவி வேர்த்து நிற்கும்.

ஆகவே பொய் சொல்லவில்லை, பாதி உண்மையைச் சொல்லி விற்றிருக்கிறார்கள். அடுத்த முறை துணியின் எண்ணைவிட ஜாக்கெட்டில் எத்தனை வாசல் திறக்கிறது என்று பாருங்கள்: அக்குளில் 25 சென்டிமீட்டராவது நீளும் ஜிப், கீழிருந்தும் திறக்கும் முன் ஜிப், தளர்த்தக்கூடிய மணிக்கட்டு. நம் வெப்பத்தில் புழுக்கத்தைக் கொண்டுபோவது இந்தத் திறப்புகள்தான். இன்னொன்று: ஆவி அளவைச் சோதிக்கப் பல முறைகள் உண்டு, ஒரே துணிக்கு முறைக்கு ஒரு எண் வரும். இரண்டு கம்பெனிகளின் 10,000-ஐயும் 20,000-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். ஆர்இடி என்ற எண் கொடுத்திருந்தால் நல்லது. அது தடையைச் சொல்லும் எண், குறையக் குறைய உசத்தி. 6-க்குக் கீழ் மிக நன்று. 20-க்கு மேல் போனால் பிளாஸ்டிக் உறைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

கேள்வி: என் அப்பச்சிக்கு 61 வயது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறார்கள். விடியுமுன் பனியும் வாடையும் தாங்கவில்லை என்கிறார்கள். நல்ல ரெயின்கோட் ஒன்று சொல்லுங்கள், கனம் கூடாது. (தேவகோட்டை வாசகி)

பதில்: ரெயின்கோட் வேண்டாம். அப்பச்சிக்குத் தேவை ஒரு விண்ட்சீட்டர், காற்றைத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டை. அதிலும் உள்ளே வலைத்துணியோ பஞ்சோ வைத்துத் தைத்தது வேண்டாம். ஒற்றை நைலான் துணி, தலைமூடியுடன், மொத்த எடை 80 முதல் 130 கிராம். மடித்தால் இடுப்புப் பையில் அடங்கிவிடும்.

கடையில் வாங்கும்போது துணியை வாயோடு அழுத்தி வைத்து ஊதிப் பாருங்கள். கொஞ்சம் சிரமத்தோடு மூச்சு மறுபக்கம் போகவேண்டும். கையை அந்தப் பக்கம் வைத்தால் மெல்லிய காற்று படும். தாராளமாகப் போனால் வாடை உள்ளே வரும். துளியும் போகாவிட்டால் நத்தம் தாண்டுவதற்குள் உள்ளே நசநசத்துவிடும். பனி ஈரத்துக்கும் சிறு தூறலுக்கும் இது தாங்கும், அடைமழைக்குத் தாங்காது. தை மாதத்தில் பெரும்பாலும் இதுவே போதும். மழை வரும் என்றால் ஒரு குடை.

உள்ளே பருத்திப் பனியனுக்குப் பதில் மெல்லிய பாலியஸ்டர் பனியன் போடச் சொல்லுங்கள். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். நின்று இளைப்பாறும்போது அதுதான் குளிரை ஏற்றுகிறது. கிளம்பும்போது லேசாகக் குளிரவேண்டும். கால் மணி நடந்ததும் உடம்பு சூடாகிவிடும், அப்போதே கழற்றிவிட வேண்டும். வியர்த்தபின் கழற்றுவது தாமதம். இருட்டில் நடப்பதால் முதுகிலும் கையிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒட்டிக்கொடுங்கள். கருநீலச் சட்டை அழகுதான், லாரி ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: கொடைக்கானல் பக்கம் மூன்று நாள் நடை. மழைக்கென்று 300 கிராமுக்கு மேல் சுமக்க மனமில்லை. போன்சோ, குடை, ஜாக்கெட், எது? (பள்ளத்தூர்)

பதில்: மரங்களுக்குள் நடக்கும் பாதை என்றால் போன்சோ, அதாவது தலையை நுழைத்துப் போர்த்திக்கொள்ளும் மழைப்போர்வை. சிலிக்கோன் பூசிய மெல்லிய நைலானில் 200 முதல் 300 கிராமுக்குள் கிடைக்கிறது. ஆளோடு பையையும் மூடும். கீழே முழுக்கத் திறந்திருப்பதால் புழுக்கம் தங்காது. துணி துளியும் ஆவி விடாது, ஆனாலும் விலையுயர்ந்த ஜாக்கெட்டைவிட உள்ளே உலர்ந்திருப்பீர்கள். பக்கவாட்டில் அழுத்துப் பொத்தான் இருக்கிறதா, பின்பக்கம் பையின் உயரத்துக்கு நீளம் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இதன் எதிரி காற்று. மேடேறிப் பாறை விளிம்புக்கு வந்தால் போன்சோ பாய்மரமாகிவிடும். ஒன்றரை மீட்டர் நைலான் கயிறு ஒன்றை இடுப்பில் கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி தீராது: படபடக்கும் துணி காலடியை மறைக்கும், இறக்கத்தில் அது ஆபத்து. மேட்டுப்புல்வெளி வழியாகப் போகிற நடை என்றால் போன்சோவை விட்டுவிட்டு ஜாக்கெட்டே எடுங்கள். 300 கிராமுக்குள் இரண்டரை அடுக்கு ஜாக்கெட் (மேல்துணி, படலம், உள்துணிக்குப் பதில் மெல்லிய பூச்சு) கிடைக்கிறது. குடை சமவெளிக்கும் அகலமான வண்டிப் பாதைக்கும் அருமை, ஆனால் ஒரு கையை எடுத்துக்கொள்ளும்.

காலுக்கு மழைப் பேண்ட் வாங்காதீர்கள். பலவற்றை ஷூவைக் கழற்றாமல் மாட்ட முடியாது, மாட்டினால் வேகும். அதே மெல்லிய நைலானில் முழங்காலுக்குக் கீழ் வரும் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, மேல் விளிம்பில் நாடா கோத்துக் கைலி போலச் சுற்றிக்கொள்ளுங்கள். எழுபது, எண்பது கிராம் வரும். வெளிநாட்டில் இதை ரெயின் கில்ட் என்று தனிப்பொருளாக விற்கிறார்கள்; நமக்குக் கட்டத் தெரிந்த உடைதான்.

கேள்வி: நான்கு வருடம் முன் வாங்கிய ஜாக்கெட்டை அந்துருண்டை போட்டு இரும்புப் பெட்டியில் வைத்திருந்தேன். எடுத்தால் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, வெள்ளைச் செதில் உதிர்கிறது, புளித்த வாடை. சரிசெய்ய முடியுமா? (கானாடுகாத்தான்)

பதில்: முடியாது. உட்புறப் பாலியூரித்தேன் பூச்சு காற்றின் ஈரத்தாலும் வெப்பத்தாலும் சிதைந்துவிட்டது. அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும், இதற்கு உதவாது. உடுத்தியதைவிட மடித்து அடைத்து வைத்ததில்தான் இந்தப் பூச்சு அதிகம் போகிறது. புதிதாக வாங்குவதை நன்றாக உலர்த்தி, மடிக்காமல் ஹேங்கரில், வெயில் படாத காற்றோட்டமான அறையில் தொங்கவிடுங்கள். ஓட்டுக்கு அடியில் மாடியில் வேண்டாம், சித்திரை வெயிலில் அது அடுப்பு.

கேள்வி: புதிதில் மழைத்துளி முத்து முத்தாக உருண்டது. இப்போது துணி கறுத்து நனைகிறது. தூக்கிப் போடவேண்டியதுதானா? (புதுவயல்)

பதில்: வேண்டாம், முதலில் துவையுங்கள். பலபேர் ‘துவைத்தால் வாட்டர்புரூஃப் போய்விடும்’ என்று துவைக்காமலே கெடுக்கிறார்கள். உடம்பு எண்ணெயும் வியர்வை உப்பும்தான் அந்தப் பூச்சை மூடிவிடுகின்றன.

ஜிப் எல்லாம் மூடி, வெதுவெதுப்பான தண்ணீரில், இந்தத் துணிகளுக்கென்றே விற்கும் திரவத்தில் அலசுங்கள். கிடைக்காவிட்டால் நிறமும் மணமும் சேர்க்காத திரவ சோப்பு கொஞ்சமாக. சலவைத்தூள் கூடாது. வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனர் கூடவே கூடாது. அது துணியைத் தண்ணீர் குடிக்க வைக்கும். கல்லில் அடிக்காமல், முறுக்காமல், நுரை அறவே போகும்வரை மூன்று தண்ணீர் அலசி, வளவில் நிழலாகப் பார்த்துக் காயப்போடுங்கள்.

காய்ந்தபின் செய்வதுதான் முக்கியம், அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இஸ்திரிப்பெட்டியை மிகக் குறைந்த சூட்டில், ஆவியை அணைத்து, மேலே பழைய மல் வேட்டித் துண்டை விரித்து, ஒரு இடத்தில் நிற்காமல் தேயுங்கள். தையல் டேப் இருக்கும் இடத்தில் இன்னும் வேகமாக நகருங்கள், சூடு கூடினால் டேப் உரிந்துவிடும். அந்தச் சூட்டில் படிந்துகிடக்கும் பூச்சு மறுபடி நிமிரும். ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உருண்டால் சரி. உருளாவிட்டால்தான் பூச்சைப் புதுப்பிக்கும் தெளிப்பு மருந்துக்குச் செலவழிக்கவேண்டும், அதையும் துணியை மறுபடி நனைத்து, ஈரமாக இருக்கும்போதே வெளிப்பக்கம் மட்டும் அடியுங்கள்.

கேள்வி: ஆகஸ்டில் உத்தராகண்டில் மலர்ப் பள்ளத்தாக்கு போகிறோம். கோர்டெக்ஸ்தான் வேண்டுமா? (திருப்பத்தூர்)

பதில்: நல்ல மெம்பிரேன் ஜாக்கெட் வேண்டும், அந்தப் பெயர்தான் என்றில்லை. 1969-இல் பாப் கோர் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்து நுண்துளைப் படலமாக்கியதிலிருந்து வந்தது கோர்டெக்ஸ். இன்று வேறு படலங்களும் தரமாக இருக்கின்றன. பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் தங்கும் காங்கரியா 3,000 மீட்டர் உயரம், அங்கே மழை குளிர்ந்தே பெய்யும். முதல் பதிலில் சொன்ன ஆவி அழுத்த வித்தியாசம் அங்கே உங்கள் பக்கம். மூன்றடுக்குத் துணி (மேல்துணி, படலம், உள்துணி), அக்குள் ஜிப், விளிம்பு வைத்த தலைமூடி, 350 முதல் 450 கிராம்.

கடைக்காரர் பிரீத்தபிள் என்று சத்தியம் செய்தால் வீட்டில் சோதியுங்கள். கண்ணாடி டம்ளரில் பாதி வெந்நீர். ஜாக்கெட்டின் ஓரத்தை அதன் வாயில் வெளிமுகம் மேலே இருக்கும்படி இழுத்து ரப்பர் பேண்டு போடுங்கள். உலர்ந்த குளிர்ந்த கண்ணாடி டம்ளர் ஒன்றை அதன் மேல் கவிழ்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். மேல் டம்ளர் உள்ளே மூடுபனி கட்டினால் ஆவி போகிறது. தெளிவாகவே இருந்தால் பில்லோடு திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: பைக்கு மழை உறை போட்டால் போதாதா? (கோட்டையூர்)

பதில்: போதாது. முதுகுப்பக்கம் உறை மூடாது. ஜாக்கெட்டில் வழியும் தண்ணீர் அந்த வழியாகவே பைக்குள் இறங்கும். பையின் கொள்ளளவைவிடப் பெரிய தடித்த பாலித்தீன் பையை உள்ளே விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, வாயை முறுக்கி மடக்கிக் கட்டுங்கள். இரவுக்கு மாற்றுடை ஒரு செட்டும் காலுறையும் அதற்குள் இன்னொரு பையில். நனைந்த ஜாக்கெட்டை மட்டும் வெளிப் பாக்கெட்டில் போடுங்கள்.