வாய்க்காலில் உலோகக் கழிவு: பாக்டீரியா பாட்டில் ஊற்றலாமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை. சம்பா நட்டு ஒரு மாதம் ஆகிறது. வாய்க்காலின் மேல்பக்கம் முலாம் பூசும் பட்டறை வந்த பிறகு, தண்ணீர் சில நாள் மஞ்சளாக வருகிறது. உரக்கடையில் திரவ சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா பாட்டிலைக் கொடுத்து, "மடையில் ஊற்றுங்க, நச்சு உலோகத்தைத் தின்னுடும்" என்கிறார்கள். ஊற்றலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. ஊற்றினால் காசுதான் தண்ணீரோடு போகும்.

விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் தூள் நல்லதுதான், அது குலைநோய்க்கு. உலோகம் வேறு சங்கதி. சாணத்தை மக்க வைப்பது போல உலோகத்தை எந்த பாக்டீரியாவாலும் இல்லாமல் ஆக்க முடியாது. தன் உடம்பின் மேல் ஒட்ட வைத்துக்கொள்ளலாம். கரையாத பொருளாக மாற்றி அடியில் படிய வைக்கலாம். அவ்வளவுதான். படிந்ததை எடுத்து அப்புறப்படுத்த ஒரு தொட்டி வேண்டும். ஓடுகிற வாய்க்காலில் அது நடக்காது.

தொட்டியில் நடக்கிறது என்பதும் உண்மை. நெதர்லாந்தில் பூடல் என்ற ஊரின் துத்தநாக ஆலையில் 1992 முதல் மாசுபட்ட நிலத்தடி நீரை இப்படிச் சுத்தம் செய்தார்கள். சல்பேட்டை சல்பைடாக மாற்றும் பாக்டீரியாவை வளர்த்தார்கள். துத்தநாகம் சல்பைடாகப் படிந்தது. அது திரும்ப ஆலைக்கே போனது. ஆக, தொட்டி இருக்க வேண்டிய இடம் பட்டறை, உங்கள் மடை அல்ல. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் கழிவை வெளியே விடக் கூடாது என்பது 1974-ஆம் ஆண்டுச் சட்டம். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுதியே கொடுங்கள்.

அதற்கு முன் பரிசோதனை. மஞ்சள் நிறம் என்றால் குரோமியத்தைச் சந்தேகிக்க வேண்டும். காட்மியம், நிக்கல், ஈயம், ஆர்சனிக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான மண் பரிசோதனையில் இவை வராது, தனியாகக் கேட்க வேண்டும். நிறம் தெரிகிற அன்றே, ஆய்வகம் கொடுக்கும் பாட்டிலில் தண்ணீர் பிடியுங்கள். வயல் மண்ணும் கொடுங்கள். பாசன நீரில் லிட்டருக்குக் குரோமியம் 0.1, காட்மியம் 0.01 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது.

இன்னொரு விஷயம், கடைக்காரர் சொல்லாதது. சல்பேட்டை சல்பைடாக மாற்றும் அந்த பாக்டீரியா இனம் தண்ணீர் நிற்கும் உங்கள் சேற்றிலேயே இருக்கிறது. தண்ணீர் நிற்கும்வரை காட்மியத்தைச் சல்பைடாகக் கட்டி வைக்கும். வயல் காய்ந்து காற்றுப் புகுந்தால் கட்டு அவிழ்ந்து, காட்மியம் நெல் மணிக்குப் போகும். அதனால் நாமெல்லாம் சொல்லிக் கொடுக்கும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' (வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சுவது) காட்மியம் உள்ள வயலுக்கு ஆகாது. ஜப்பானில் இத்தகைய வயல்களில் கதிர் வருவதற்கு மூன்று வாரம் முன்னும் பின்னும் தண்ணீர் கட்டுகிறார்கள். நீங்களும் கட்டலாம், ஆனால் போர் தண்ணீரை. அதையும் ஒருமுறை பரிசோதித்துவிட்டு. ஆர்சனிக் தெரிந்தால் இந்த யோசனையே தலைகீழ்: நிற்கும் தண்ணீர்தான் அதை மண்ணிலிருந்து கிளப்பிவிடும். பரிசோதனை முடிவு வராமல் தண்ணீர் கட்டும் முறையை மாற்றாதீர்கள்.

துத்தநாகம் குறைந்த மண்ணில் பயிர் காட்மியத்தை அதிகம் இழுக்கும். மண் அறிக்கையில் குறை தெரிந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போடுங்கள்.

மஞ்சள் தண்ணீர் வரும் நாள்களில் மடையை அடைத்துவிடுங்கள். மாட்டுக்கு அங்கே தண்ணீர் காட்டாதீர்கள். கோடையில் தூர் வாரும்போது அந்த வாய்க்கால் வண்டலை, எவ்வளவு கருப்பாக வளமாகத் தெரிந்தாலும், வயலில் கொட்ட வேண்டாம். உலோகம் அதில்தான் சேர்ந்திருக்கும்.