நிலமும் தொலைவும்: கனடிய எழுத்து குறித்து இரு கேள்விகள்

கேள்வி: கனடிய எழுத்தாளர்கள் பேசத் தொடங்கினாலே காடு, ஏரி, பனி என்றுதான் வருகிறது. நிலம் உண்மையிலேயே அவர்களுடைய படைப்பைத் தீர்மானிக்கிறதா?

பதில்: ஐந்திணை அறிந்த நமக்கு நிலமும் உணர்வும் பிரியாதிருப்பது வியப்பன்று. ஆனால் கனடாவில் அந்த உறவு நெடுங்காலம் அச்சமாகவே விளக்கப்பட்டது. எல்லையற்ற இயற்கைக்கு நடுங்கிக் கோட்டைக்குள் ஒடுங்கும் மனநிலையை 1965இல் திறனாய்வாளர் நார்த்ராப் ஃபிரை சுட்டினார். உயிர் பிழைத்திருப்பதே அந்த இலக்கியத்தின் மையம் என்று 1972இல் நாவலாசிரியர் மார்கரெட் அட்வுட் ‘சர்வைவல்’ என்னும் திறனாய்வு நூலில் வாதிட்டார். பூச்சியியல் அறிஞரான தந்தையுடன் கியூபெக்கின் வடபகுதிக் காடுகளில் சிறுவயதின் பெரும்பகுதியைக் கழித்த அட்வுட்டுக்கு அப்படிச் சொல்லும் தகுதி உண்டுதான். எனினும் அது குடியேறியவர்களின் அச்சம். ஹைஸ்லா பழங்குடியைச் சேர்ந்த ஈடன் ராபின்சன் 2000இல் வெளியிட்ட ‘மங்கி பீச்’ நாவலில், பசிபிக் கரையின் காடும் கடலும் ஆவிகளும் உறவினரும் சேர்ந்து புழங்கும் இடமாகவே இருக்கின்றன.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது, அந்நிலங்களை ஆழமாக எழுதிய சிலர் அவற்றை விட்டு விலகியிருந்தே எழுதினர் என்பதாகும். ஒன்டாரியோவின் விங்கம் என்னும் சிற்றூரில் 1931இல் பிறந்த சிறுகதையாசிரியர் ஆலிஸ் மன்றோ, திருமணத்துக்குப் பின் நாட்டின் மறுகோடியான பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாழ்ந்த ஆண்டுகளில்தான் தன் ஊர்ப்புறத்தைக் களமாகக் கொண்ட முதல் இரு நூல்களையும் வெளியிட்டார். நாவலாசிரியர் மார்கரெட் லாரன்ஸ், தான் பிறந்த மானிடோபாவின் நீபாவாவை ‘மனவாகா’ என்னும் கற்பனை ஊராக மாற்றிய நூல்களில் பலவற்றை இங்கிலாந்திலிருந்து எழுதினார். சிறுகதையாசிரியர் அலிஸ்டர் மெக்லியோட் ஆண்டின் பெரும்பகுதியில் ஒன்டாரியோவின் வின்ட்சர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். கோடையில் மட்டும், தான் வளர்ந்த கிழக்குக் கரையின் கேப் பிரெட்டன் தீவுக்குத் திரும்பி, கடலை நோக்கிய சிறு குடிலில் கையாலேயே எழுதினார். தொலைவு வந்தபின், எந்த விவரம் கதைக்குத் தேவை, எது வெறும் வருணனை என்பது தானாகவே தெளிந்துவிடுகிறது என்பது என் கணிப்பு.

கேள்வி: அவர்கள் விரும்பிப் படித்த நூல்களும் கனடிய நூல்கள்தாமா?

பதில்: மன்றோவை எடுத்துக்கொண்டால், பாதிதான். எழுத்தாளராக விரும்பும் சிறுமியைப் பற்றி எல். எம். மான்ட்கோமரி 1923இல் வெளியிட்ட ‘எமிலி ஆஃப் நியூ மூன்’ அவரை மிகவும் பாதித்தது. பின்னாளில் அதன் மறுபதிப்புக்குப் பின்னுரையும் எழுதினார். ஆனால் சிற்றூர் மனிதரையும் நாட்டுப்புற வாழ்வையும் இலக்கியமாக்கலாம் என்ற துணிவை அவருக்குத் தந்தவர்கள், யூடோரா வெல்டி போன்ற அமெரிக்கத் தென்பகுதி எழுத்தாளர்கள். வெக்கையும் பருத்தியும் நிறைந்த மிசிசிப்பிக் கதைகளைப் படித்த ஒருவர் தன் விங்கம் அமைந்த, உறைபனி விழும் ஹியூரன் மாவட்டத்தை எழுதத் துணிந்தார் என்பதால், சொந்த மண்ணை எழுத அம்மண்ணின் நூல்களையே படிக்கவேண்டும் என்னும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. தொடங்க விரும்பினால், 1971இல் வெளிவந்த மன்றோவின் ‘லைவ்ஸ் ஆஃப் கேர்ள்ஸ் அண்ட் விமன்’ நூலை எடுங்கள். அட்வுட்டின் ‘சர்வைவல்’ திறனாய்வை அதன்பின் படிக்கலாம்.